தவக்காலத்தில் ஒரு டொங்கட்சு கடை

உலகக் கிண்ண உதைபந்தாட்டம் ஜேர்மனியில் நடந்த வருடம் அது. கோடை வரமுன்பே எங்கள் ஊரில் ஜன்னலுக்கு ஜன்னல் கொடி தொங்கத் தொடங்கியிருந்தது. நான் சொல்லப்போவது அந்தத் தவக்காலத்தில், டுசல்டோர்ப் நகரத்து ஜப்பானியச் சாப்பாட்டுக் கடை ஒன்றில் நடந்தது. ஆட்களின் பெயர் வேண்டாம், கடையின் பெயரும் வேண்டாம். என் கணவர் இதை வாசித்தால் எழுதியது யாரென்று முதல் வரியிலேயே பிடித்துவிடுவார், அது போதும்.

நாங்கள் அப்போது டோர்ட்மண்டில் இருந்தோம். நான் யாழ்ப்பாணம், அவர் மன்னார், இரண்டு பேரும் வேதக்காரர், கத்தோலிக்கர். எனக்கு முதியோர் இல்லமொன்றில் வேலை. கனகாலம் காத்திருந்து அந்த வருடம்தான் நிரந்தரமாக்கியிருந்தார்கள். மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். அவர் காலையில் ரயிலேறி டுசல்டோர்ப் போனால் இரவுதான் வீடு. அங்கே ஜப்பான்காரர் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களுக்கென்று தெருத் தெருவாகக் கடைகளும் இருக்கின்றன. அதில் ஒன்றில்தான் என்னவர் சமையல் வேலை.

"அங்கை நீங்கள் என்னதான் சமைக்கிறனீங்கள்?" என்று தொடக்கத்தில் ஒருமுறை கேட்டேன். "கட்லட்" என்றார். எங்களுக்குக் கட்லட் என்றால் ரோல்ஸுக்குப் பக்கத்தில் இருக்கும் உருண்டைதானே. ஜப்பான்காரர் நாள் முழுக்க உருண்டையா சாப்பிடுகிறார்கள் என்று நான் சிரித்தேன். பிறகுதான் விளங்கியது, இது பன்றி இறைச்சியை மொத்தமான துண்டாக வெட்டி, முட்டையில் தோய்த்து, பாண்தூளில், அதாவது ரொட்டித் தூளில், புரட்டி, நிறைந்த எண்ணெயில் பொரிக்கிறது. அதற்கு டொங்கட்சு என்று பெயர். ஜேர்மன்காரரின் ஷ்னிட்சலுக்குத் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு பொரிக்கிற மனிதர் வீட்டில் ஒரு முட்டை பொரிக்கமாட்டார். லீவு நாளில் கதிரையில் சாய்ந்து தொலைக்காட்சி பார்ப்பார். குசினிக்குள் தேத்தண்ணிக் கோப்பையை வைக்க மட்டும்தான் வருவார். சரி, களைத்துப்போய் வருகிறார் என்று நானும் விட்டுவிட்டேன். ஆனால் ஒன்றைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வாய் திறந்தால் "ஷெஃபின்" புராணம். அந்தக் கடை முதலாளி ஒரு ஜப்பானியப் பெண். முதலாளியம்மாவை இங்கே ஷெஃபின் என்பார்கள். ஷெஃபின் கோவா, அதுதான் முட்டைக்கோஸ், வெட்டினால் நூல் மாதிரி இருக்குமாம். ஷெஃபின் ஒருநாளும் சத்தம் போடமாட்டாவாம். ஷெஃபின் சொன்னாவாம், சோற்றைக் கிண்டக்கூடாதாம், பக்குவமாகப் பிரட்ட வேண்டுமாம். பிறந்த நாளிலிருந்து சோறு தின்கிற எனக்கு வந்து சோறு படிப்பிக்கிறார்!

அதுவும் போகட்டும். சாப்பிட முன்பு சிலுவை அடையாளம் போடுகிறவர், அதற்குப் பிறகு இப்போது இரண்டு கையையும் சேர்த்து ஏதோ முணுமுணுத்து கடையில் பழகிய இன்னொரு கும்பிடும் போடத் தொடங்கியிருந்தார். எனக்கு வயிறு பற்றி எரிந்தது. "அப்ப அவவிட்டையே போய் இரவுச் சாப்பாட்டையும் சாப்பிட்டிட்டு வாங்கோவன்" என்பேன். அவர் சிரித்துக்கொண்டே சாப்பிடுவார். சண்டைக்கு வராத மனிசனோடு எப்படிச் சண்டை பிடிப்பது?

இன்னொன்றையும் இந்த இடத்தில் சொல்ல வேண்டும். ஜேர்மனியில் இருக்க அனுமதி கிடைத்த வருடம் அவர் ஒரு நேர்த்திக்கடன் வைத்தார். விபூதிப் புதனிலிருந்து உயிர்த்த ஞாயிறு வரைக்கும் மச்சம் தொடுவதில்லை. இறைச்சியும் இல்லை, மீனும் இல்லை. நாங்கள் மற்றவர்கள் புதன், வெள்ளியோடு சமாளிப்போம். அவர் தவக்காலம் முழுவதும் மரக்கறிதான். பன்றி பொரிக்கிற வேலைக்குப் போய்க்கொண்டே அந்த நேர்த்தியை விடாமல் காத்துவந்தார். எனக்கு அதில் பெருமைதான். அதற்கு மேல் நான் அதைப் பற்றி யோசித்ததில்லை.

அந்தத் தவக்காலத்தில் ஒரு ஞாயிறு, தமிழ்ப் பூசை முடிந்து வெளியே நிற்கிறோம். அவருக்கு அன்றைக்கு வேலை. கோயில் பாட்டுக் குழுவில் என்னோடு பாடும் அக்கா ஒருவர் என் கையைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனார்.

"எப்ப காணும் முனிக்குக்குப் போறியள்?"

"ஆர் போறது?"

"உம்மட மனிசன் அங்கை புதுக் கடையைப் பொறுப்பெடுக்கப் போறாராமெல்லே? ஷெஃபின் கேட்டவவாம். என்ர அவர் ரயிலிலை கண்டு கதைச்சவராம். உமக்குத் தெரியாதே?"

"தெரியும், தெரியும். இன்னும் முடிவெடுக்கேல்லை அக்கா" என்றேன். முகத்தை எப்படி வைத்திருந்தேனோ தெரியாது. என் புருஷன் வேறு ஊருக்குப் போகப்போகிற கதையை ரயிலில் நின்ற மனிதர் அறிந்து, அவருடைய மனைவி அறிந்து, கடைசியாக நான் அறிகிறேன். அதுவும் கோயில் வாசலில்.

அன்றிரவு அவருக்குப் புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் வைத்துவிட்டு முன்னால் இருந்தேன். "இஞ்சாருங்கோ, வேலையிலை என்ன புதினம்?" என்றேன். "ஒண்டுமில்லை" என்றார். "வேறை?" என்றேன். "கத்தரிக்காய் நல்லாயிருக்கு" என்றார். அடுத்த நாளும் கேட்டேன், அதற்கடுத்த நாளும் கேட்டேன். மனிதர் வாய் திறக்கவில்லை. முனிக் என்றால் பக்கத்து ஊரா? நாட்டின் மறு கோடி. எனக்கு ஒரேயொரு கணக்குத்தான் ஓடியது. ஷெஃபினும் அங்கே போவா, இவரும் அங்கே போவார், நானும் பிள்ளையும் இங்கே இருந்து மாதத்துக்கு ஒருமுறை ரயில் பார்க்க வேண்டியதுதான்.

வியாழக்கிழமை முதியோர் இல்லத்தில், டொக்டரிடம் போக நேரம் எடுத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டு டுசல்டோர்ப்புக்கு ரயிலேறினேன். தனியாகப் போகத் தைரியம் வரவில்லை. அதே அக்காவையே கூட்டிக்கொண்டு போனேன். அவ ஏதோ கலியாண வீட்டுக்குப் போவதுபோல வெளிக்கிட்டு வந்திருந்தா. "சும்மா சாப்பிட்டுப் பாக்கத்தானே போறம்?" என்று வழி முழுக்கக் கேட்டுக்கொண்டே வந்தா. "ஓம், சாப்பிடத்தான்" என்றேன். என் பல்லெல்லாம் கடிபட்டது.

கதவைத் திறந்ததும் உள்ளேயிருந்து எல்லோருமாக ஒரு சத்தம். யார் வந்தாலும் ஜப்பானிய மொழியில் 'வாங்கோ' என்று கத்தி வரவேற்பது அவர்கள் வழக்கமாம். நான் கத்தலைக் கேட்டு நிற்கவில்லை, அதற்குள் கேட்ட ஒரு குரலைக் கேட்டு நின்றுவிட்டேன். என்னவரின் குரல்! தலையை நிமிர்த்தாமலே, அடுப்பைப் பார்த்துக்கொண்டே, ஆனால் என்ன கணீரென்ற குரல். லீவு நாளில் நான் வேலை முடிந்து வீட்டுக்குள் வந்தால் "ம்" என்பதற்கு மேல் வராத தொண்டையிலிருந்து வந்த குரல் அது. வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் இப்படி வாங்கோ சொல்லிவிட்டு வந்தால் வீட்டில் மிச்சம் எப்படி இருக்கும்?

குளிர்காலம் இன்னும் போகாததால் மூலையில் கோட்டுகள் அடுக்காகத் தொங்கின. அதற்குப் பின்னாலுள்ள சின்ன மேசையில் எங்களை இருத்தினார்கள். எனக்கு வசதியாகப் போயிற்று. கோட்டுகளுக்கு நடுவால் பார்த்தால் குசினி முழுக்கத் தெரியும். அங்கே சமையல் மறைவில் நடப்பதில்லை, நீளமான பலகைக்கு அந்தப் பக்கம் எல்லோருக்கும் முன்னால்தான் நடக்கும். அந்தப் பலகையில் கோட்டும் சூட்டுமாக ஜப்பான்காரர் வரிசையாக இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

பரிமாறுகிற பெண் உள்ளே வரிவரியாகச் சுரண்டிய ஒரு சின்னச் சட்டியில் கொஞ்சம் எள்ளும், ஒரு மரக்குழவியும் கொண்டுவந்து வைத்தாள். அரைத்து, அதற்குமேல் சோஸை விட்டுக் கலக்க வேண்டுமாம்.

"இதென்ன காணும், காசையும் குடுத்து அரைக்கவும் வேணுமே?" என்றா அக்கா.

நான் குழவியை எடுத்து அரைத்தேன். அந்த எள்ளு என்ன பாவம் செய்ததோ, மாவாகிப்போயிற்று.

பிறகு சாப்பாடு வந்தது. கம்பித் தட்டின்மேல், கீழே எண்ணெய் தேங்காமல், துண்டு துண்டாக வெட்டி அடுக்கிய இறைச்சி. பக்கத்தில் குவியலாகக் கோவா. அது உண்மையாகவே நூல் மாதிரித்தான் இருந்தது, பார்த்ததும் எனக்கு இன்னும் ஆத்திரம். வெள்ளைச் சோறு. ஒரு கோப்பையில் பன்றி இறைச்சியும் கிழங்கும் போட்டு, மிசோ என்கிற சோயா விழுதைக் கரைத்த சூப். வீட்டில் இரண்டு கிழமைக்கு மேலாக இறைச்சி மணமே இல்லை. எங்களுக்குப் புதன், வெள்ளி மட்டும்தான் என்றாலும், அவர் சாப்பிடாதபோது நாங்கள் மட்டும் சாப்பிடுவது சரியில்லை என்று நானும் மகளும் விட்டிருந்தோம். ஒரு துண்டை எடுத்து வாயில் வைத்தேன்.

நன்றாக இல்லாமல் இருந்திருந்தால் எவ்வளவு நிம்மதி! கடித்தவுடன் மொறுமொறுவென்று சத்தம் கேட்டது, உள்ளே பஞ்சு மாதிரி இறைச்சி. எண்ணெய் கையில் ஒட்டவில்லை. அக்கா கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டா. "பண்டியை இப்பிடியும் பொரிக்கலாமோ? உம்மட மனிசன் பெரிய கெட்டிக்காரன் காணும்" என்றா.

பலகையில் இருந்த ஒருவர் கடைசித் துண்டை வாயில் போட்டுவிட்டு என்னவரைப் பார்த்து ஏதோ சொன்னார். என்னவர் பதிலுக்கு ஏதோ சொல்ல, இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்தாளுக்கு இவரைத் தெரிந்திருக்கிறது, அவருடைய கைப்பக்குவம் தெரிந்திருக்கிறது. இந்த ஊரில் எத்தனை பேர் என் புருஷன் கையால் சாப்பிட்டிருப்பார்கள்! அவரோடு படுத்தெழும்புகிற நான் மட்டும் அன்றைக்குத்தான் முதன்முதலாகச் சாப்பிடுகிறேன், அதுவும் களவாக, கோட்டுக்குப் பின்னால் ஒளித்திருந்து. முதலாளியம்மா மேல் இருந்த பொறாமை போதாதென்று, அந்த நேரத்தில் கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒவ்வொருவர் மேலும் எனக்குப் பொறாமை வந்தது.

அவவையும் பார்த்தேன். கலண்டரில் வருகிற பொம்மை மாதிரி ஒருத்தியை நான் மனதில் கீறி வைத்திருந்தேன். அங்கே நின்றது கட்டையான உருவம், ஆம்பிளைப் பிள்ளை மாதிரி வெட்டிய தலைமயிர், என்னைவிட வயது கூட. முழங்கை வரைக்கும் பாண்தூள். சத்தம் போட்டுச் சிரிக்கிறா. அழகியாக இருந்திருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ஆம்பிளைகள் இப்படித்தான் என்று திட்டிவிட்டுப் போயிருப்பேன். இவவிடம் அப்படி எதைக் கண்டார்?

மத்தியான நேரக் கூட்டம் குறைந்துகொண்டிருந்தது. என்னவர் இரவுக்கென்று புதிதாக ஒரு பானை சூப் வைத்துக்கொண்டிருந்தார். கரண்டியால் கொஞ்சம் எடுத்து ஒரு சின்னப் பீங்கான் கோப்பையில் விட்டார். ஊதினார். அப்படியே அவவின் பக்கம் திரும்பி வாயருகே நீட்டினார். கை முழுக்கப் பாண்தூளோடு நின்ற அவ குனிந்து, அவருடைய கையிலிருந்தே உறிஞ்சிக் குடித்தா. கண்ணை மூடி யோசித்து ஏதோ ஒரு சொல் சொன்னா. அவர் இன்னும் கொஞ்சம் விழுது கரைத்தார். திரும்பவும் ஊதி, திரும்பவும் நீட்ட, திரும்பவும் அவ குடித்தா. தலையாட்டினா. இரண்டு பேரும் சிரித்தார்கள்.

"மாதாவே" என்றா அக்கா. அவவும் பார்த்துவிட்டா.

பதினைந்து வருடத்துக்குக் கிட்ட என்னோடு குடும்பம் நடத்துகிறார். எனக்குக் காய்ச்சல் வந்தபோதுகூட ஒரு வாய் கஞ்சி ஊதித் தந்ததில்லை. நான் எழுந்தது எனக்குத் தெரியாது, நடந்தது தெரியாது. "இரும் காணும், இரும்" என்று அக்கா என் பையைப் பிடித்து இழுத்தது மட்டும் ஞாபகம். போய்ப் பலகைக்கு முன்னால் நின்று, சூட் போட்டவர்களுக்கு மேலால், தமிழில், கடை முழுக்கக் கேட்கச் சொன்னேன்.

"எனக்கும் ஒருக்கா ஊட்டிவிடுங்கோவன்!"

அவருடைய கையிலிருந்த பீங்கான் கோப்பை சூப் பானைக்குள் விழுந்தது.

"நீர்... நீர் எப்பிடி இஞ்சை?"

"ஏன், நான் வரக்கூடாதோ? நான் வந்தால் உங்கட விளையாட்டுக் குழம்பிப் போடுமோ?"

அந்த நேரம் பார்த்து எண்ணெயில் கிடந்த கட்லட்டின் சத்தம் மாறியது. சத்தம் மாறினால் உடனே எடுக்க வேண்டுமாம். மனிதர் என்னைப் பார்த்து "கொஞ்சம் பொறும்" என்றுவிட்டுத் திரும்பி அதை எடுத்து எண்ணெய் வடிய வைத்தார். யோசித்துப் பாருங்கள்! நான் எரிந்துகொண்டு நிற்கிறேன், அவருக்குக் கட்லட் கருகக்கூடாது.

முதலாளியம்மா கையைத் துடைத்துக்கொண்டு பலகையைச் சுற்றி வெளியே வந்தா. ஜேர்மன் மொழியில் "நீங்கள் அவருடைய மனைவியா?" என்று கேட்டா. ஓம் என்றேன். இடுப்பை வளைத்து அப்படியொரு கும்பிடு போட்டா. ஏசுவதற்கென்று நான் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் வாயிலேயே நின்றுவிட்டது. குனிந்து நிற்கிறவளை எப்படி ஏசுவது?

நிமிர்ந்து தன் வயிற்றைத் தட்டிக் காட்டினா. அவவின் ஜேர்மனும் என்னுடையதைப் போலத்தான், முறிந்த ஜேர்மன். அதனால் எனக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது.

"உங்கள் கடவுளுக்காக இவர் இப்போது இறைச்சி சாப்பிடுவதில்லை. சமைக்கிற ஆள் ருசி பார்க்காமல் எப்படி? அதனால் நான் இவருக்கு நாக்கு. காலையில் சூப், மத்தியானம் சூப், பின்னேரம் சூப். உங்கள் பெருநாள் வருவதற்குள் ஒவ்வொரு வருடமும் நான் கொழுத்துவிடுகிறேன்."

பலகையில் இருந்த இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த நேர்த்தி என் வீட்டு நேர்த்தி. எத்தனையோ தவக்காலம் அவருக்கு மரக்கறி சமைத்துப் போட்டவள் நான். இறைச்சி தொடாத மனிதர் இறைச்சிக் கடையில் ருசி பார்க்க என்ன செய்கிறார் என்று எனக்கு ஒருநாளும் கேட்கத் தோன்றவில்லை. எங்கிருந்தோ வந்த, கோயில் வாசலே மிதிக்காத ஒருத்தி கேட்டிருக்கிறாள். கேட்டு, தன் நாக்கையும் கொடுத்திருக்கிறாள். ஊட்டிவிட்டதில் கள்ளமில்லை என்று தெரிந்த பிறகுதான் எனக்குப் பொறாமை கூடியது. அதை அப்போது யாரிடம் சொல்ல முடியும்?

விடவும் மனமில்லை. "அப்ப முனிக்?" என்று அவரிடம் கேட்டேன்.

முனிக் என்ற சொல் முதலாளியம்மாவுக்கும் விளங்கிவிட்டது. முகம் மலர்ந்து என்னிடம் திரும்பினா. "ஆமாம், முனிக்! நத்தார்ப் பண்டிகையிலிருந்து இவர் உங்களிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறாரே, மனைவி யோசிக்கிறா, மனைவி யோசிக்கிறா என்கிறார். என்ன முடிவு எடுத்தீர்கள்? நான் இங்கேதான் இருப்பேன், அது முழுக்க இவருடைய பொறுப்பு. இவர் இல்லையென்றால் நான் அங்கே கடையே திறக்கமாட்டேன்."

நான் அவரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார்.

"என்னட்டை எப்ப கேட்டனீங்கள்?"

"கேக்கேல்லை."

"ஏன்?"

"உமக்கு இப்பதான் வேலை நிரந்தரமானது. கேட்டால் ஏலாது எண்டுதான் சொல்லுவீர். அதை உம்மட வாயாலை கேக்க எனக்குப் பயமாயிருந்தது" என்றார். "கேக்காமலிருந்தால் இன்னும் கொஞ்ச நாளைக்கு ஆசைப்பட்டுக்கொண்டெண்டாலும் இருக்கலாமெல்லே."

முதலாளியம்மா என்னைப் பிடித்துப் பலகைக்கு முன்னால் இருத்தினா. அக்காவையும் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தினா. அக்கா என் தட்டில் மிஞ்சியதையும் கையோடு கொண்டுவந்திருந்தா. என்னவர் பானைக்குள் விழுந்த பீங்கானை எடுத்துப் போட்டுவிட்டு, புதுப் பீங்கானில் சூப்பை விட்டு, ஊதி, எனக்கு நீட்டினார்.

"எப்பிடி?" என்றார்.

நல்ல சூப். சத்தியமாகச் சொல்கிறேன், உப்பு உறைப்பு ஒன்றும் கூடவுமில்லை, குறையவுமில்லை. அதைச் சரிபார்த்தவ பக்கத்தில் நிற்கிறா. அதுதான் எனக்கு ஆத்திரத்தை ஏற்றிவிட்டது.

"உப்புக் காணாது" என்றேன்.

முதலாளியம்மாவுக்குச் சொல் விளங்காவிட்டாலும் முகம் விளங்கியிருக்க வேண்டும். ஒரு வாய் எடுத்துக் குடித்துப் பார்த்துவிட்டு, வேண்டாம், சரியாக இருக்கிறது என்று அவரைப் பார்த்துத் தலையாட்டினா. அவர் அவவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். உப்பு ஏற்றும் அந்த மிசோ விழுது வைத்திருந்த பெட்டியைத் திறந்து, ஒரு பெரிய கரண்டி நிறைய எடுத்து, பானைக்குள் கரைத்தார்.

அவ போய்க் கோவா வெட்டத் தொடங்கினா. எனக்கு அப்போது வந்த சந்தோசத்தை என்னவென்று சொல்ல! பாட்டுப் போட்டியில் வென்ற பிள்ளைபோல நிமிர்ந்திருந்தேன்.

மத்தியானம் கடை பூட்டியபின் இரவுக்குத் திறக்கும்வரை அவருக்குக் கொஞ்ச நேரம் ஓய்வு. எங்களோடு ஸ்டேஷன் வரைக்கும் நடந்து வந்தார். அக்கா கெட்டிக்காரி. கடைகளின் கண்ணாடிகளைப் பார்க்கிற சாட்டில் பின்தங்கிவிட்டா. நாங்கள் இரண்டு பேரும் முன்னால் நடந்தோம். அவருடைய கோட்டில் எண்ணெய் மணம். வீட்டில் அந்த மணம் எனக்குப் பிடிக்காது, அன்றைக்குத் தெருவில் அது என்னவோ செய்தது.

"உங்கட ஷெஃபின் வேண்டாமெண்டு தலையாட்டினவவெல்லே. பிறகேன் போட்டனீங்கள்?" என்று கேட்டேன். வென்றதை இன்னொருமுறை அவர் வாயால் கேட்க ஆசை.

"நீர் சொன்னனீர், போட்டன்."

"நான் சொன்னது பிழையெண்டால்?"

"எனக்கு இப்ப ருசி பாக்கேலாது. ஆரையாவது நம்பத்தானே வேணும். நீர் பிழை சொல்லமாட்டீர்" என்றார். சாதாரணமாகச் சொன்னார். பிறகு சொன்னார், "முனிக் கதையை விடுவம். உமக்கு ஏலாதெண்டால் எனக்கும் வேண்டாம். நாளைக்கே சொல்லிப்போடுறன்."

ரயில் வந்துவிட்டது. நாங்கள் ஏறினோம். கண்ணாடிக்கு வெளியே நின்று கையைக் காட்டிவிட்டு, நேரமாகிவிட்டது என்று ஓட்டமும் நடையுமாகப் படியிறங்கிப் போனார்.

அக்கா கட்லட்டைப் பற்றிக் கதைத்துக்கொண்டே வந்தா. எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. வென்ற சந்தோசம் எங்கே போனதென்று தெரியவில்லை. அங்கே ஒரு பானை சூப் கெட்டுப்போய்க் கிடக்கிறது. இரவுக்கு ஆட்கள் வருவார்கள், வாயில் வைத்துவிட்டு முகத்தைச் சுளிப்பார்கள். அவருக்கு ஏனென்று தெரியாது, ருசி பார்க்கவும் முடியாது. முதலாளியம்மாவுக்குத் தெரியும், ஆனால் மனைவி சொன்னதென்று வாய் திறக்கமாட்டா. ஒரு சொல் சொன்னேன், சரியான பானையைக் கெடுத்தார். இன்னொரு சொல், "ஏலாது" என்று சொன்னால், முனிக்கையும் அப்படியே கெடுத்துவிட்டுக் கதிரையில் சாய்ந்து தொலைக்காட்சி பார்ப்பார். ஒருநாளும் என்னைக் குறை சொல்லமாட்டார். அதை நினைக்கத்தான் எனக்குப் பயம் வந்தது. அந்தக் கடையில் கணீரென்று கேட்ட குரல் வீட்டில் "ம்" என்று இருந்துவிடும், நான் மட்டும் அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

டூயிஸ்பேர்க் ஸ்டேஷனில் ரயில் நின்றபோது கைத்தொலைபேசியை எடுத்தேன். கனநேரம் அடித்தபின் எடுத்தார். பின்னால் பாத்திரச் சத்தம்.

"என்ன? ரயிலிலை ஏதும் பிரச்சினையோ?"

"அந்தச் சூப்பிலை உப்புக் கூட. தண்ணி விடுங்கோ" என்றேன்.

அவர் பானை மூடியைத் திறக்கும் சத்தம் கேட்டது.

"உங்கட ஷெஃபின் சொன்னதுதான் சரி. நான் வயித்தெரிச்சலிலை சொன்னனான். அவவையே திரும்ப ருசி பாக்கச் சொல்லுங்கோ." ரயில் திரும்ப வெளிக்கிட்டது. "பிறகு, முனிக்குக்கு எப்ப போகவேணுமெண்டு கேட்டு வையுங்கோ. அங்கையும் முதியோர் இல்லம் இருக்கும்தானே. பிள்ளையின்ரை பள்ளிக்கூட வருசம் முடிய நாங்களும் வாறம்."

"மெய்யாத்தான் சொல்லுறீரோ?" என்றார்.

"இது மெய்" என்றேன்.

பக்கத்தில் அக்கா மூக்கைச் சிந்தினா. "நான் என்ர மனிசனுக்கு ஒண்டும் சொல்லமாட்டன்" என்றா. நாங்கள் வீடு போய்ச் சேர முன்பே டோர்ட்மண்ட் முழுக்கத் தெரிந்திருந்தது, அது வேறு கதை.

இலையுதிர்காலத்தில் முனிக் வந்து சேர்ந்தோம். கடை நன்றாகப் போகிறது. தவக்காலம் வந்தால் நான் வேலை முடிந்து நேரே அங்கே போவேன். புதன், வெள்ளி தவிர மற்ற நாளெல்லாம் பின்னேரச் சூப் என் பொறுப்பு. நானும் மச்சம் தொடாத புதன், வெள்ளியில் அவர் குசினியிலுள்ள ஒரு பெண்ணுக்கு நீட்டுவார், அவளும் குனிந்து குடிப்பாள். அந்த இரண்டு நாளும் நான் அந்தப் பக்கமே போவதில்லை. ஷெஃபின் எப்போதாவது பார்க்க வருவா. வந்தால் நான் சொன்ன பிறகும் ஒரு வாய் குடித்துப் பார்த்துத்தான் தலையாட்டுவா.

பொறாமை போய்விட்டதா என்று கேட்டால், இல்லை, போகாது. ஆனால் இந்த மனிதர் நான் சொல்வதை ருசி பார்க்காமலே பானையில் கரைத்துவிடுவார் என்று அன்றைக்குக் கண்டுகொண்டேன், அதனால் அவரிடம் ஒரு சொல்லைச் சொல்ல முன்பு அதை நானே ஒருமுறை ருசி பார்த்துக்கொள்கிறேன்.